ஹெட்செட்டில் பிழையில்லை, அது இருக்கிற இடத்தில்தான் பிழை



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபமில்லை. ஆனால் போன கிழமை எங்கட ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஹெட்செட் விசயமாகக் கருத்துச் சொன்ன காக்காமார் மட்டும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுப் போங்கள்.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலைக் கணினி அறையில் ஆங்கிலம் கேட்டுப் பழகுவதற்கு வைத்திருக்கும் ஹெட்செட்டுகள் சரியில்லை, சத்தம் காணாது, பிள்ளைகளுக்கு விளங்குதில்லை என்று ஒரு முறைப்பாடு வந்தது. வீட்டில் ஸூம் வகுப்பிலும் அதே கதைதான் என்று பல உம்மாமாரும் சொன்னார்கள். உடனே ஒரு சகோதரர் கட்டாரில் இருந்து பணம் அனுப்பத் தயார் என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும், அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்த அரை மணித்தியாலத்தில் இன்னொருவர் விலைப்பட்டியலே போட்டுவிட்டார். கேமிங் ஹெட்செட் 20, ஒன்று 14,500 ரூபா. பக்கத்தில் சிவப்பு லைட்டும் எரியுமாம். மொத்தம் இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.

அதற்குக் கீழேதான் அந்தக் கருத்து வந்தது. பெயர் வேண்டாம். "பொம்பிளப் பிள்ளைகளுக்கு பர்தாவோட இது சரிவராது, ஆம்பிளப் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்க, செலவும் பாதியாகும்." பதினேழு பேர் அதற்கு பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் மூன்று பேரின் மகள்மார் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

நான் அந்தக் கணினி அறையில்தான் ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். ஹெட்செட்டுகளை ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொடுத்து, திரும்ப எண்ணி வைப்பவள் நான். அதனால் சொல்கிறேன்: இருபது புது ஹெட்செட் தேவையில்லை. பெண் பிள்ளைகளை ஒதுக்கவும் தேவையில்லை. இருப்பதைக் காதில் சரியாக வைக்கத் தெரிந்தால் போதும். இதை எழுதினால் "டீச்சர் கருமித்தனம் பண்றா" என்று சொல்வீர்கள் என்றும் தெரியும். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்து, காற்று வெளியே வரும் துவாரத்தை விரலால் நன்றாக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். விரலில் அமுக்கம் தெரியும். விரலைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அழுத்தினால் புஸ்ஸென்று போய்விடும், விரலில் ஒன்றும் தெரியாது. பம்ப் அதே பம்ப், கையும் அதே கை. ஹெட்செட்டுக்குள் நடப்பதும் இதுதான். உள்ளே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் முன்னும் பின்னும் அசைகிறது. அதற்கும் உங்கள் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்டிருக்கிற கொஞ்சக் காற்றைத்தான் அது தள்ளி இழுக்கிறது. பேட் என்று சொல்கிறோமே, காதைச் சுற்றி இருக்கும் அந்த மெத்தை, அதன் முதல் வேலை சொகுசு இல்லை. அந்தக் காற்றை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. ஓரிடத்தில் சின்ன இடைவெளி விழுந்தாலும் அமுக்கம் அந்த வழியால் போய்விடும். முதலில் போவது கீழ்ச் சத்தம், அதாவது பேஸ். அது மெதுவான அசைவு, வெளியேறுவதற்கு அதற்கு நேரம் நிறைய இருக்கிறது. மேல் சத்தம் வேகமானது. அது பெரும்பாலும் அப்படியே காதுக்கு வந்துவிடும். அதனால்தான் சரியாக இருக்காத ஹெட்செட்டில் ஒரு நல்ல ஆலிமின் கனத்த குரல்கூட தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது.

"பாடம் கேட்கத்தானே டீச்சர், பேஸ் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேச்சு விளங்குவதற்கு பேஸ் பெரிதாகத் தேவையில்லைதான். ஆனால் சத்தம் வெளியே போகிற அதே இடைவெளியால்தான் வெளிச் சத்தம் உள்ளே வருகிறது. எங்கட கணினி அறையில் பேன் மூன்று சுற்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தரம் 3 பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். ரோட்டில் த்ரீவீல். பேட் ஒழுங்காகப் பொருந்தினால் இதில் கணிசமான பங்கு வெளியிலேயே நின்றுவிடும். பொருந்தாவிட்டால் எல்லாம் உள்ளே வரும். பிள்ளை என்ன செய்யும்? வொலியூமைக் கூட்டும்.

இங்கேதான் எனக்குப் பயம். வொலியூமைக் கூட்டினால் ஒழுகிப் போன பேஸ் மட்டும் கூடுவதில்லை. ஒழுகாமல் இருந்த மேல் சத்தமும் சேர்ந்து கூடுகிறது. எங்கள் காதுத் துவாரத்தின் அமைப்பே ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் பக்கமான சத்தத்தைத் தானாகப் பெரிதாக்குகிற மாதிரித்தான் இருக்கிறது. பெரிய சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடி விழுவதும் அதை ஒட்டிய பகுதியில்தான், 3,000 தொடக்கம் 6,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். அந்தப் பகுதியில்தான் ஸ, ஷ, த போன்ற மெல்லிய ஒலிகளின் உயிர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எஃப் ஒலியையும் எஸ் ஒலியையும் பிரித்தறிவதும், குர்ஆன் வகுப்பில் ஸாவையும் ஸீனையும் பிரித்தறிவதும் அதை வைத்துத்தான். உள்காதில் கெட்டுப்போன மயிர்க் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் இல்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரைக்கும் கேட்கலாம். சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 80 இல் 40 மணித்தியாலம், 83 இல் 20, 86 இல் 10, 89 இல் வெறும் 5 மணித்தியாலம். இது பெரிய ஆட்களின் கணக்கு. ஓஎல் வருடத்தில் ஒரு பிள்ளை கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஸூம் கேட்கிறது என்று வீட்டில் நீங்களே கூட்டிப் பாருங்கள். அதோடு யூடியூப்பையும் சேருங்கள், ஒளித்துப் பார்க்கிறதையும் சேருங்கள். 3 டெசிபல் என்பது காதுக்குக் கேட்டும் கேட்காததுமான ஒரு வித்தியாசம். போனில் ஒன்றிரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடும்.

இப்போது விலைப்பட்டியலுக்கு வருவோம். 14,500 ரூபா ஹெட்செட்டுக்கும் காதுதான் தேவை, அதற்கும் இடைவெளி இடைவெளிதான். நம்பாதவர்களுக்கு ஒரு உதாரணம். ஆப்பிள் கம்பெனி 2019 இல் விட்ட ஏயார்பொட்ஸ் ப்ரோ எவ்வளவு விலை என்று உங்களுக்குத் தெரியும். அதைக் காதில் வைத்துவிட்டு, நுனி ரப்பர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று போனே சோதித்துச் சொல்கிற ஒரு வசதியை அவர்கள் சேர்த்தே கொடுத்தார்கள். விலை கூடிய சாமானுக்குப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை என்றால் அந்தக் கம்பெனி ஏன் மினக்கெடப் போகிறது? ஹெட்போன்களை அளந்து பார்க்கிற ஆய்வுகூடங்களிலும் செயற்கைத் தலையில் ஒரே ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பல தடவை அளக்கிறார்கள். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அளவு மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெளியில் இருந்து வருகிற இரைச்சலை அடக்குகிற நொய்ஸ் கென்சலிங் சாமானும் அப்படித்தான். பேட் ஒழுகினால் பாதிக் காசு தண்ணீரில்.

பாடசாலையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வயர் அறுந்தவை இரண்டு. மற்றதெல்லாம் வேலை செய்கின்றன. பிழை எங்கே இருக்கிறது என்றால், பாதிக்கு மேற்பட்டவற்றில் பேட் உரிந்து கறுப்புச் செதிலாகக் கொட்டுகிறது. பிள்ளைகளின் கன்னத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது அதுதான். இந்த றெக்ஸின் மாதிரியான மேலுறை ஈரக்காற்றில் தானாகவே சிதையும். எங்கட ஊர் கடல் காற்று, வியர்வை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையில் வைக்கிற தேங்காய் எண்ணெய், இவ்வளவும் சேர்ந்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? சிலவற்றில் உள்ளிருக்கும் ஸ்பொன்ஞ் அமுங்கிச் சப்பையாகி, காது நேரே ஸ்பீக்கரின் மூடியில் முட்டுகிறது. காது வலிக்குது என்று பிள்ளைகள் சொல்வது அதனால்தான், தலைக்கனத்தால் இல்லை. இன்னும் சிலவற்றில் பேட் கழன்று, யாரோ திரும்ப மாட்டும்போது அதன் விளிம்பை ஒரு பக்கம் உள்ளே செருகாமல் விட்டிருக்கிறார்கள். வெளியால் பார்த்தால் நன்றாக இருக்கும். விரலால் தடவினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். ஓட்டை அங்கேதான்.

ஒரு வகை பேட் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும். அநேகமாகத் தடிப்பான பக்கம் காதுக்குப் பின்னால் வரவேண்டும். எங்கள் தலை அப்படி, காதுக்குப் பின்னால் உள்ளே சாய்ந்து போகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அந்தத் தடிப்பு. கழுவிக் காயவைத்துவிட்டு முன்பின்னாக மாட்டினால் பின்னால் இடைவெளி, முன்னால் கன்னத்தில் அழுத்தம். ஆறு ஹெட்செட்டில் நானே கழற்றித் திருப்பி மாட்டினேன். செலவு பூச்சியம்.

ஆனால் எல்லாவற்றையும் விட அதிகம் பார்த்தது வேறொன்று. சின்னத் தலையில் பெரிய ஹெட்செட். பட்டியை முழுவதும் உள்ளே தள்ளினாலும் தரம் 6 பிள்ளையின் தலைக்கு அது பெரிது. கப் கீழே இறங்கித் தாடைக்குப் பக்கத்தில் தொங்கும். ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்கு நேரே இல்லாமல் காதுச் சோணைக்குக் கீழே கிடக்கும். அந்த இடத்தில், சோணைக்குக் கீழே தாடைக்குப் பின்னால், எல்லோருக்கும் ஒரு குழி இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். பேட் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தால் கீழே கட்டாயம் ஒழுகும். பரிகாரம் ஒரு கைக்குட்டை. நான்காக மடித்துப் பட்டிக்கும் உச்சந்தலைக்கும் இடையில் வைத்தால் கப் இரண்டும் மேலே வரும். ஆண் பிள்ளைகளுக்கு தொப்பியே போதும். இதைச் செய்து காட்டியபோது ஒரு சின்னவன் "டீச்சர், இப்ப உள்ளுக்க பேசுறான்" என்றான். அவன் சொன்னதை விட நன்றாக என்னால் விளக்க முடியாது.

வீட்டில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கனத்த ஆண் குரலில் ஒரு கிராஅத்தையோ பயானையோ குறைந்த வொலியூமில் போடுங்கள். ஹெட்செட்டை வழமை போல மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் கப் இரண்டையும் மெதுவாக, மெதுவாகத்தான், காதோடு சேர்த்துப் பிடியுங்கள். குரல் சட்டென்று கனத்து நிறைந்தால் அதுவரைக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கையை எடுத்தாலும் அதே மாதிரிக் கேட்கும் வரைக்கும் பட்டியை ஒரு படி கூட்டிக் குறைத்து, கப்பைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திப் பாருங்கள். காது முழுவதும் மடியாமல் பேட்டுக்குள் இருக்க வேண்டும். காதின் மேலேயே உட்காருகிற சின்ன வகை என்றால் அதன் நடு, துவாரத்துக்கு நேரே வர வேண்டும். சில மில்லிமீற்றரில் சத்தம் மாறும். பின்பக்கம் வலை மாதிரித் திறந்திருக்கிற ஓப்பன் வகை ஹெட்போனுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. அது எங்கட ஊரில் யாரிடம் இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அடுத்து, அந்தக் குரல் தலைக்கு நடுவில் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் ஹெட்செட்டை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் சேர்ந்து மறுபக்கம் போனால் ஹெட்செட்டில் பிழை. மாற்றிப் போட்டும் அதே காதில்தான் குறைவு என்றால், கடைக்குப் போக வேண்டாம், டொக்டரிடம் போங்கள். காதுக் குறும்பியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இந்த வருடம் ஒரு பிள்ளையை இப்படித்தான் ஈஎன்டி கிளினிக்குக்கு அனுப்பினோம். இரண்டு வருடமாக அவளுக்கு வகுப்பில் "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர். எழுதி வைத்திருந்தார்கள், தேர்ச்சி அறிக்கையிலேயே.

கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கண்ணாடிக் கால் பேட்டுக்கு அடியால் போகும்போது அதன் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். காலைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் குறையும். பேட் மென்மையாக இருந்தால் அது காலைச் சுற்றி மூடிக்கொள்ளும், காய்ந்து இறுகின பேட்டுக்கு அது முடியாது. பெரிய தோடும் அப்படித்தான். ஆனால் இதற்காக ஒருவரும் "கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு ஹெட்செட் வேண்டாம்" என்று வட்ஸ்அப்பில் எழுதவில்லை. பர்தா என்றதும் மட்டும் எல்லோருக்கும் தீர்ப்புத் தயாராக இருக்கிறது.

சரி, பர்தாவைப் பற்றியே பேசுவோம். பதினேழு பேரும் கவனிக்கவும்.

துணிக்கு மேலால் ஹெட்செட் போட்டால் சத்தம் கெடும் என்பது உண்மை. மறுக்கவில்லை. துணியின் மடிப்பு பேட்டுக்கு அடியில் வரிவரியாக வழி திறந்து விடுகிறது, அதனால் பேஸ் ஒழுகுகிறது, பேன் சத்தம் உள்ளே வருகிறது. உள்ளே இன்னர் தொப்பி, அதற்கு மேல் பர்தா என்று இரண்டு மூன்று மடிப்பானால் மேல் சத்தமும் மங்கும். இறுக்கமான இன்னர் என்றால் காதையே மடித்துத் தலையோடு ஒட்டி விடும், அதற்கு மேல் கப் அழுத்தினால் அரை மணித்தியாலத்தில் வலி. ஆகவே எங்கட பெண் பிள்ளைகள், அதே அறையில், அதே ஹெட்செட்டில், ஆண் பிள்ளைகளை விடக் குறைவாகக் கேட்கிறார்கள், வொலியூமை அதிகம் வைக்கிறார்கள். யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. "விளங்குதா மகள்?" என்றால் தலையாட்டுவார்கள். எங்கட பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அது தெரிந்ததுதானே.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. முதலில் ஹெட்செட், அதற்கு மேல் துணி. அவ்வளவுதான். வீட்டில் ஸூம் வகுப்பில் கெமரா போட வேண்டி வந்தாலும் இதுதான் வழி: ஹெட்செட்டைக் காதில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, அதற்கு மேலால் ஸ்கார்பைப் போட்டுப் பின் குத்தலாம். வீட்டார் மட்டும் இருக்கிற அறையில் கெமராவும் இல்லையென்றால் அந்தக் கேள்வியே இல்லை. பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கான கணினிப் பாடவேளையைத் தனியாக வைத்து, கதவைச் சாத்தி, ஒரு டீச்சர் உள்ளே இருந்தால், பின்னைக் கழற்றி ஹெட்செட்டை மாட்டி பர்தாவை மேலால் எடுக்க ஒரு நிமிடம் போதும். நேர அட்டவணையில் இரண்டு கட்டத்தை மாற்றுவதுதான் வேலை. இதற்கு கட்டாரில் இருந்து காசு வர வேண்டியதில்லை.

இப்போது யோசியுங்கள், பெரிய உருண்டைக் கப் வைத்த, லைட் எரிகிற கேமிங் ஹெட்செட் பர்தாவுக்குக் கீழே போகுமா? போகாது. மெல்லிசான, பாரம் குறைந்த, இப்போது நம்மிடம் இருக்கிற அந்த "மட்டமான" ஹெட்செட்தான் போகும். பர்தாவுக்கு ஹெட்செட் சரிவராது என்று சொன்னவரும், விலைப்பட்டியல் போட்டவரும், தெரியாமலே ஒரே ஆளுக்குத் தோள் கொடுக்கிறார்கள்.

ஹேன்ட்ஸ்ப்ரீயை விரும்புகிற பிள்ளைகள் அதையே பாவிக்கலாம், துணிக்குக் கீழே அது இன்னும் இலகு. ஆனால் அதன் பெட்டிக்குள் மூன்று அளவில் ரப்பர் நுனி வருமே, நடு அளவுதான் மாட்டி வரும், மற்ற இரண்டு சோடியையும் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறோம். சின்னக் காதுக்கு நடு அளவு நிற்காது. அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒழுகும். மறுபடியும் வொலியூம். சின்ன அளவை மாட்டிப் பாருங்கள். ஒருவருக்கே இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைக்கும்போது மறு கையால் காதை மேலேயும் பின்னேயும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும், நுனி ஒழுங்காக உட்காரும். உட்கார்ந்ததும் உங்கள் சொந்தக் குரலே தலைக்குள் கனமாகக் கேட்க வேண்டும். எல், ஆர் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். அது அலங்காரமில்லை. சரிந்த குழாய் உள்ளவற்றை மாற்றி வைத்தால் உட்காரவே மாட்டாது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டாம். இதைப் போட்டுக்கொண்டு பிரதான வீதியைக் கடக்கவும் வேண்டாம், தயவு செய்து.

இன்னொரு வாதம் வந்தது: ஹெட்செட்டே வேண்டாம், ஒரு பெரிய ஸ்பீக்கரைப் போட்டு எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்க வைக்கலாமே என்று. நான் கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில் அதைத்தான் செய்தோம். முன் வாங்கில் இருக்கிற ஐந்து பேருக்குத் தெளிவாகக் கேட்கும். பின்னால் இருப்பவர்களுக்கு எதிரொலிதான். ஒரு பிள்ளை தனக்கு விளங்காத வசனத்தை நிறுத்தி, திரும்பப் போட்டு, மூன்றாம் தடவை கேட்க ஸ்பீக்கரில் வழியில்லை. வெட்கப்படுகிற பிள்ளைக்கு ஹெட்செட் ஒரு தனி டீச்சர் மாதிரி. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"பழகினால் சரியாகிவிடும், எங்கட காலத்தில் இதெல்லாம் இருந்ததா" என்ற வாதத்துக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

ஆகவே, பணம் அனுப்புகிற சகோதரருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் என் கோரிக்கை இது. வயர் அறுந்த இரண்டுக்குப் பதிலாக இரண்டு வாங்குங்கள், இருக்கிற அதே வகையில். மற்றவற்றுக்கு பேட் மட்டும் மாற்றுங்கள். ஒரு சோடி சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது வட்டமா, நீள்வட்டமா, குறுக்களவு எத்தனை மில்லிமீற்றர், தடிப்பு எவ்வளவு என்று பழையதை அளந்துகொண்டு போக வேண்டும். "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அளவு தவறினால் விளிம்பு செருகாது, தடிப்பு மாறினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள தூரம் மாறி சத்தமும் மாறும். துணி பேட் வேண்டாம், சூட்டுக்கு நல்லதுதான், ஆனால் பேஸ் அதால் கசியும், இரைச்சலும் வரும். ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் துடைக்க மெல்லிய துணி கொஞ்சம். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பாடவேளை இரண்டு. மிச்சக் காசுக்கு, அந்தச் சகோதரர் சம்மதித்தால், தரம் 6 பிள்ளைகளுக்கு ஒரு செவிப்புலன் பரிசோதனை முகாம் வைக்கலாம்.

அளக்கிற வேலையை வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினி அறையில் தொடங்குகிறேன். வீட்டில் "சத்தம் காணாது" என்று மூலையில் போட்டு வைத்திருக்கும் ஹெட்செட், ஹேன்ட்ஸ்ப்ரீ இருந்தால் கொண்டு வாருங்கள், வீசுவதற்கு முன் ஒரு தடவை காதில் வைத்துப் பார்ப்போம். உம்மாமார் பிள்ளைகளோடு வரலாம். அடிமட்டம் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வரவும், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. விலைப்பட்டியல் போட்ட காக்காவுக்கும் அழைப்பு உண்டு. அந்தப் பதினேழு பேரும் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பர்தாவோடயே வரட்டும்.